விரிசலுக்கு ஒரு காலம் இருக்கா?

பொள்ளாச்சி சந்தையில தேங்காய் வாங்குறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? எங்க அம்மிச்சி ஒரு தட்டு தட்டி, காதுகிட்ட ஆட்டிப் பார்த்துட்டு, “இது வேண்டாஞ்சாமி”ன்னு ஒதுக்கிடுவாங்க. உடைச்சுப் பார்க்கிறதுக்கு முன்னாடியே உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிற வழி அது. இன்னைக்கு எபிசோட், அப்படித் தட்டிப் பார்க்காம விட்ட வீடுகளைப் பத்தி.

1970-ல் கலைஞர் முதல்வரா இருந்தப்ப தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அடுத்த வருஷமே அதுக்குன்னு தனிச் சட்டம் வந்தது. ஓலைக் குடிசையில தீப்பிடிச்சா ஒரு தெருவே சாம்பலாகிற காலத்துல, கான்கிரீட் வீடு என்பது ரொம்பப் பெரிய விஷயம். அதனால கேள்வியும் ஒண்ணாத்தான் இருந்தது: எத்தனை வீடு கட்டினோம்? கட்டின வீடு இப்ப எப்படி இருக்குங்கிற கேள்வி பின்னாடி போயிடுச்சு.

நம்ம கோயம்புத்தூருக்கே வருவோம். அம்மன்குளம். பேருலயே குளம் இருக்கு. அங்கே வாரியம் கட்டின அடுக்குமாடியில ஒரு பகுதி, மக்கள் குடியேறுறதுக்கு முன்னாடியே 2010-ல் மண்ணுக்குள்ள இறங்கிச் சாய்ஞ்சது. அப்புறம் இடிக்க வேண்டியதாப் போச்சு. குளத்து மண் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற டேட்டாதான் கட்டடத்துக்கு முதல் டேட்டா. அதோட முதல் குறிப்பு ஊர்ப் பேருலயே எழுதியிருந்தது.

அடுத்தது சென்னை, 2021. ஆகஸ்டுல புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்புல, கை வெச்சாலே சுவர்ப் பூச்சு உதிர்ற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஐஐடி மெட்ராஸ் குழு வந்து சோதிச்சது. அதே வருஷம்தான் வாரியத்தோட பேரும் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’னு மாறுச்சு. டிசம்பர் 27 அன்னைக்குத் திருவொற்றியூர்ல, 1993-ல் கட்டின ஒரு பிளாக் அப்படியே சரிஞ்சது. மொத்தம் 24 வீடு. ஆனா ஒரு உயிர்கூடப் போகலை.

ஏன் தெரியுமா? சென்சார் இல்லை, ஆப் இல்லை. அங்கே குடியிருந்தவங்க விரிசலைப் பார்த்தாங்க, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு வெளியே வந்துட்டாங்க. அன்னைக்கு வேலை செஞ்ச ஒரே எச்சரிக்கை சிஸ்டம் அந்த மக்கள்தான்.

என் வேலையே டேஷ்போர்டு செய்யறதுங்க. எங்க தொழில்ல ஒரு பழைய தப்பு உண்டு. ஒரு காலத்துல மதிப்பு எதுவும் இல்லைன்னா, அதைப் பூஜ்யம்னு எடுத்துக்குவோம். புகார் பதிவாகலையா? அப்போ புகாரே இல்லை, பச்சை விளக்கு! நானும் இப்படி ஒரு ரிப்போர்ட் போட்டு, மீட்டிங்ல கைதட்டு வாங்கியிருக்கேன். பதிவு இல்லாததும் பிரச்சினை இல்லாததும் ஒண்ணு இல்லைன்னு எனக்குப் புரிய ரெண்டு வருஷம் ஆச்சு.

லண்டன்ல இதுக்குக் கொடுத்த விலை ரொம்பப் பெருசு. 2017 ஜூன் 14, கிரென்ஃபெல் டவர் தீ விபத்து. 72 பேர் இறந்தாங்க. அங்கே குடியிருந்தவங்க தீ ஆபத்தைப் பத்தி முன்னாடியே எழுதி எச்சரிச்சிருந்தாங்க. எச்சரிக்கை எழுத்துல இருந்தும், கேட்க வேண்டியவங்க கேட்கலை. அதுக்கப்புறம் 2022-ல் வந்த சட்டப்படி, உயரமான குடியிருப்புகளுக்குப் பாதுகாப்புத் தகவலை டிஜிட்டலா, தொடர்ச்சியா வெச்சிருக்கணும். அதை ‘தங்க இழை’ன்னு சொல்றாங்க. குடியிருக்கிறவங்க புகாரைக் கேட்க ஒரு முறையும் கட்டாயம்.

நம்ம ஊர்லயும் முதல்ல வேண்டியது பெரிய மென்பொருள் இல்லைங்க. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு வரி போதும்: கட்டின வருஷம், மண் சோதனை, கடைசியா யார் எப்போ பார்த்தாங்க, விரிசல்னு யார் சொன்னாங்க, அதுக்கு என்ன செஞ்சாங்க. அந்த வரியை அங்கே குடியிருக்கிற அக்காவும் படிக்க முடியணும், தப்பு இருந்தா திருத்தச் சொல்ல முடியணும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க சுவரையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்ங்க.