கடலெல்லையும் கைப்பேசி நிரலும்

1976 மார்ச்சு 23ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, மன்னார் வளைகுடாவில் இலங்கை இந்தியக் கடலெல்லையை வகுத்தது. நீர்மேல் வரைந்த அக்கோடு கண்ணுக்குப் புலப்படாது. எல்லை தாண்டியதாக மன்னார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட தமிழக மீனவர் பலர்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் தமிழகக் கரையில் தொடங்கிய ‘ஃபிஷர் பிரெண்ட்’ திட்டம், முதலில் குவால்காமின் ‘பிரூ’ தளத்தை நாடிற்று. கருவியிலே நேராக இயங்கும் சி, சி++ நிரல்களுக்கான தளம் அது. அக்கால எளிய கைப்பேசிகளின் சிறு நினைவகத்திற்கு அதுவே பொருந்திற்று. பின்னர் ஆண்டிராய்டுக்கு மாறியபோது எல்லை எச்சரிக்கையும் சேர்ந்தது. மீன்விலை அறிய இணையப் பக்கமே போதும் எனலாம். விலை எவ்வாறாயினும் கரையிலிருந்தே வரவேண்டும். எல்லையின் நிலை வேறு. கோபுர அலை எட்டாத இடத்திலும் செய்மதிக் குறிப்புக் கிட்டும். அதனை இடையறாது கேட்டறியும் நிரல், கைப்பேசிக்குள்ளேயே குடியிருத்தல் வேண்டும்.