குவேனியை நாம் சரியாக வாசித்தோமா?

இலக்கியத்திலே பழி சுமந்து நிற்கும் பாத்திரங்கள் பல உண்டு. கைகேயி என்றதும் இராமனைக் காட்டுக்கு அனுப்பியவள் என்ற ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. போர்க்களத்திலே தசரதனின் உயிரைக் காத்து, அதற்குப் பரிசாகவே இரண்டு வரங்களைப் பெற்றவள் அவள் என்பது பின்னர்தான் ஞாபகம் வருகிறது. ஒரு பாத்திரம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதற்கு நூலாசிரியர் மாத்திரம் காரணரல்லர். அவர் எழுதி வைத்ததை முழுமையாக வாசிக்காமல், வாய்வழியாக வந்த தீர்ப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளும் வாசகர்களாகிய நாமும் காரணர்களே.

அத்தகைய பாத்திரங்கள் இரண்டை நம் நாட்டின் ஒரே கடற்கரையோடு பழங்கதைகள் இணைத்து வைத்திருக்கின்றன. புத்தளத்திற்கு வடக்கே கலா ஓயாவைக் கடந்தால் பொன்பரப்பி. அதற்கும் வடக்கே, வில்பத்து வனத்தின் கடலோரத்திலே குதிரைமலை முனை. அங்கே மண் செம்பு நிறமானது. விஜயனும் அவனுடைய தோழர் எழுநூறு பேரும் வந்து இறங்கிய தம்பபண்ணி இப்பகுதியே என்று கருதுவோர் உண்டு. வேறிடம் சொல்வோரும் உண்டு. களைத்து இறங்கியவர்கள் நிலத்திலே கையூன்றியபோது கைகள் செம்பு நிறமாயின என்றும், அதனாலேயே அப்பெயர் ஏற்பட்டது என்றும் மகாவம்சம் கூறுகிறது.

அந்நூலின் ஏழாம் அதிகாரத்திலேதான் குவேனி வருகிறாள். இயக்கர் குலத்தவள், விஜயனின் தோழர்களைப் பிடித்து அடைத்தவள், மாய உருவம் எடுப்பவள். பாடசாலைப் பருவத்திலே நாம் அறிந்த குவேனி இவ்வளவுதான். ஆனால் அதே அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள், நேயர்களே! அவள் முதன்முதலாகக் கண்ணில் படும்போது என்ன செய்துகொண்டிருக்கிறாள்? ஒரு மரத்தின் கீழே, தவப்பெண் போல அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். அருகிலே ஒரு குளம் இருக்கிறது. அவளிடம் அரிசி இருக்கிறது. தொலைவிலிருந்து கல்யாண வீட்டின் இசை கேட்கிறது. சிரீசவத்து என்ற நகரிலே இயக்கர் கூடியிருக்கிறார்கள். அவர்களுடைய அரசனுக்கு உரிய உடைகளும் உள்ளன. பின்னர் விஜயன் அவற்றைத்தான் அணிந்துகொள்கிறான். நூலும், சோறும், குளமும், திருமணமும், அரசனும், நகரமும் உள்ள ஒரு கூட்டத்தைப் பேய்கள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

இதற்கு எதிர்ப்புறத்திலே விஜயனைப் பாருங்கள். அவன் எதற்காகக் கப்பல் ஏறினான் என்பதை மகாவம்சம் மறைக்கவில்லை. அவனுடைய கொடுஞ்செயல்களைப் பொறுக்க முடியாத மக்கள், அவனைக் கொன்றுவிடுமாறு தந்தை சிங்கபாகுவிடமே முறையிட்டார்கள். தந்தையோ அவனுக்கும் தோழர்களுக்கும் பாதித் தலையை மழித்துக் கப்பலேற்றி அனுப்பினான். நாடு கடத்தப்பட்டவன் காவிய நாயகனானான். வந்தவனுக்குச் சோறும் வீடும் நாடும் தந்தவள் பேய் மகளானாள்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். மகாவம்சத்திற்கு முந்திய தீபவம்சமும் விஜயனின் வருகையைச் சொல்கிறது. அதிலே குவேனி இல்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட கால இடைவெளியில்தான் அவள் வரலாற்றுக் காவியத்திற்குள் நுழைகிறாள். வந்த வழி எது? கப்பல் உடைந்து கரையொதுங்கும் வணிகரை மயக்கிப் பிடிக்கும் இயக்கியர் பற்றிய கதை பௌத்த சாதகக் கதைகளிலே உண்டு. வலாகச்ச சாதகத்திலே அந்த இயக்கியரின் ஊர் தம்பபண்ணித் தீவின் சிரீசவத்துவேதான். ஹோமரின் ஒடிசியிலும் சேர்சி என்பவள் மாலுமிகளைப் பன்றிகளாக்குகிறாள். ஒடிசியஸ் தெய்வம் தந்த மூலிகையோடு சென்று, வாளை உருவி, அவளைச் சத்தியம் செய்ய வைக்கிறான். விஜயனும் தெய்வம் கட்டிய காப்பு நூலோடு சென்று, வாளை ஓங்கியே குவேனியிடம் வாக்குறுதி பெறுகிறான். இந்த ஒற்றுமையை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய ஆய்வாளர்களே சுட்டிக்காட்டிவிட்டார்கள். ஆகவே அந்த மாயக்காரி வேடம் கடலோடிகளின் கதை மரபு அவளுக்கு அணிவித்தது எனலாம். அந்த வேடத்தைக் களைந்த பின்பு எஞ்சுவதுதான் நாம் காண வேண்டிய பெண்.

அவள் குற்றமற்றவளா? அப்படிச் சொல்வது நம் நோக்கமன்று. திருமண இரவிலே இயக்கர் எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருப்பார்கள், இன்றே கொன்றுவிடுங்கள் என்று யோசனை சொன்னவள் அவளே. கண்ணுக்குத் தெரியாத அவர்களை எங்கே வெட்ட வேண்டும் என்று தன் குரலாலேயே குறிகாட்டியவளும் அவளே. தன் இனத்தைக் காட்டிக்கொடுத்த பழி அவளைச் சேரும். ஆனால் அந்தக் கொலையினால் அரசு பெற்றவன் யார்? பழி மட்டும் அவள் பங்காகவும், அரசு மட்டும் அவன் பங்காகவும் பிரிக்கப்பட்டது எந்த நீதியின்படி?

முடிசூட்டு விழாவுக்கு உயர்குலத்து அரசி வேண்டும் என்றான் விஜயன். மதுரைப் பாண்டியனிடம் தூது போயிற்று. பாண்டியன் மகளும் தோழியரும் பதினெட்டு வகைத் தொழிற்குலத்தவரும் கடல் கடந்து வந்தார்கள். குவேனியிடம் விஜயன் சொன்னதோ, மனிதர்கள் இயக்கருக்கு அஞ்சுவார்கள், பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போய்விடு என்பதாகும். இவ்வளவு காலமும் அவளருகே அச்சமின்றி வாழ்ந்தவன் சொன்ன காரணம் இது!

இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தான் காட்டிக்கொடுத்த இனத்தாரின் இலங்காபுரத்திற்கே அவள் போகிறாள். போவதற்கு வேறு இடம் இல்லை. பிள்ளைகளை வெளியே இருத்திவிட்டு உள்ளே நுழைந்தவளை, உளவு பார்க்க வந்தவள் என்று எண்ணி ஓர் இயக்கன் கையால் அறைந்தே கொன்றுவிடுகிறான். அந்நேரம் வெளியே நின்ற பிள்ளைகளைக் கண்டு, யார் மக்கள் என்று கேட்டு, உங்கள் தாயைக் கொன்றுவிட்டார்கள், உங்களையும் கொல்வார்கள், ஓடித் தப்புங்கள் என்று சொல்லி அனுப்புகிறவன் அவளுடைய தாய்மாமன். அவர்கள் மலைநாட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள்; புலிந்தர் குலம் அவர்கள் வழியே தோன்றியது என்கிறது மகாவம்சம்.

கிரேக்க இலக்கியத்திலே மெடேயாவின் கதையும் இத்தகையதே. அந்நியனான யாசோனுக்காகத் தன் வீட்டாரை எதிர்த்தவள், பின்பு அவன் வேறோர் அரசகுமாரியை மணக்கையில் கைவிடப்படுகிறாள். கி.மு. 431இல் யூரிப்பிடிஸ் அவளை மேடையேற்றி, அவள் வாயாலேயே அவள் வழக்கைப் பேச வைத்தார். மகாவம்சத்தின் குவேனிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆனால் சிங்கள மக்கள் அவளை மறக்கவில்லை என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். கண்டி நாட்டின் கொகொம்பா கங்காரியச் சடங்கின் மூலக்கதை என்ன? விஜயன் சத்தியம் தவறியதனால் எழுந்த தோஷம், அவனுக்குப் பின் அரசாண்ட பண்டுவாசுதேவனைப் பிடித்தது. அதைத் தீர்க்கவே அச்சடங்கு தோன்றியது என்பதாகும். நூல் எழுதிய துறவி சொல்லாத தீர்ப்பைப் பறை அடித்து ஆடிய மக்கள் சொல்லிவிட்டார்கள். 1963இல் ஹென்றி ஜயசேன 'குவேனி' என்ற பெயரிலேயே நாடகம் படைத்து அவளை மீண்டும் சபைக்கு அழைத்து வந்தார்.

இனி அதே குதிரைமலையோடு இணைத்துச் சொல்லப்படும் மற்றவள் அல்லி. குதிரைமலையிலே அல்லி அரசாணி கோட்டை கட்டி ஆண்டாள், முத்தைக் கொடுத்து அரபு நாட்டுக் குதிரைகளை வாங்கினாள் என்பது செவிவழிக் கதை. புகழேந்தியின் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையோ அவளை மதுரையின் அரசியாக்குகிறது. அக்கதையின்படி, பறிபோன நாட்டைப் போரிட்டு மீட்டவள் அவள். அருச்சுனன் அவளை வென்றதோ வில்லாலும் அல்ல, சொல்லாலும் அல்ல. கண்ணனின் துணையோடு பாம்பு வடிவிலே நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டினான். உறக்கத்திலே கட்டிய தாலியை எதிர்த்து அவள் சினந்தாள். அந்தச் சினத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆணை வெறுத்தவள் என்று உலகம் அவளுக்குப் பெயர் சூட்டியது. வீட்டிலே பெண்ணின் சொல் சற்று ஓங்கினால் 'அல்லி ராச்சியம்' என்று கேலி செய்கிறோமே, ஒரு பாத்திரத்தைப் பற்றிய பிழையான வாசிப்பு நம் அன்றாடப் பேச்சிலேயே குடியேறிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இக்கதைகளை வரலாறாக அப்படியே கொள்ள முடியாது. ஆயினும் விஜயன் காலடி வைக்கும்வரை இந்தத் தீவிலே மனிதரே இல்லை என்ற எண்ணத்திற்குப் பொன்பரப்பியின் மண்ணே மறுப்புச் சொல்கிறது. அங்கே 1924இலும் 1950களிலும் 1970இலும் நடந்த அகழ்வுகளிலே வெளிவந்த ஈமத் தாழிகளும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும், கடலுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் தாழிகளை நினைவூட்டுகின்றன. தாழியிலே தம் இறந்தோரை அடக்கம் செய்த அம்மக்கள்தாம் குவேனியின் இயக்கர் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் விஜயன் கதையிலும் சேர்க்கப்படாத, பெயரும் எழுதப்படாத மனிதர்கள் இக்கரையிலே வாழ்ந்து மடிந்தார்கள் என்பதற்கு அத்தாழிகள் சாட்சி.

குவேனி எங்களவள் என்று ஒரு சாராரும், பேய்மகள் என்று இன்னொரு சாராரும் வாதாடுவது நம் நாட்டிலே புதிதன்று. முதலில் வந்தவர் யார் என்ற வழக்குக்கு அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதும், அவளைத் தவறாக வாசிக்கும் இன்னொரு வழியே. இரு தரப்பாரிடையே நின்று, இரு தரப்பாரின் சந்தேகத்துக்கும் ஆளாகி மாண்டவள் அவள். அத்தகையவர்கள் நம் காலத்திலும் எத்தனை பேர்! மகாவம்சத்தின் அந்த ஏழாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்து வாசியுங்கள். மரத்தடியில் நூல் நூற்கும் பெண்ணிலிருந்து தொடங்கி, வாசலிலே தாய்க்காகக் காத்து நிற்கும் இரு பிள்ளைகள் வரை வாசியுங்கள். அதன் பின்பு தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.