சைக்கிள் ஹேண்டில்பார் - கைக்கு ஓய்வு தேடிய கதை

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். அல்நார் என்ற நரம்பு உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாகச் செல்கிறது. மணிக்கணக்கில் அதன் மேல் உடல் பாரத்தை ஏற்றினால் இந்த நிலைதான். முற்றினால் பிடிமானமே தளர்ந்துவிடும்.

இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்ததோ என்னவோ, 1817-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிய முதல் இருசக்கர வண்டியில் முழங்கையை ஊன்றிக்கொள்ள ஒரு மெத்தைப் பலகை இருந்தது! பெடல் இல்லாத அந்த வண்டியைக் காலால் தரையை உதைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பிற்காலத்தில் வந்தது முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த சைக்கிள். இதில் பிரச்சினை உயிருக்கே வந்தது. சக்கரம் கல்லில் மோதினால் ஓட்டுபவர் முன்பக்கம் கவிழ்வார். தொடைக்கு மேலே இருந்த ஹேண்டில்பாரில் கால்கள் மாட்டிக்கொள்ள, தலைதான் முதலில் தரையில் மோதும். எனவே 1880-களில் சிலர் கால்களுக்குப் பின்பக்கமாக வளைந்து வரும் 'வாட்டன்' ஹேண்டில்பாரைப் பொருத்தினார்கள். விழுந்தாலும் காலூன்றித் தப்பலாம் அல்லவா?

1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' சைக்கிள் வந்ததும் அந்த பயம் குறைந்தது. இப்போது வசதியா, வேகமா என்பதே கேள்வி. நம்மூர் கறுப்பு சைக்கிளில் இருப்பது போல ஓட்டுபவரை நோக்கி வளைந்த பாரில் நிமிர்ந்து உட்காரலாம். பாரம் சீட்டுக்குப் போய்விடும், கை தப்பிக்கும். ஆனால் எதிர்க்காற்று முழுவதும் நெஞ்சில் அடிக்கும். பந்தயக்காரர்கள் கீழ்நோக்கி வளைந்த பாரைப் பிடித்துக் குனிந்து காற்றை ஏமாற்றினார்கள்.

சுற்றுலாக்காரர்களுக்கு இரண்டும் தேவைப்பட்டது. 'ரான்டனர்' என்ற பார் அவர்களுக்கானது. நடுவிலிருந்து சற்று மேலெழும்பி, கீழ்முனைகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். மேலே, பிரேக் அருகே, கீழே என்று மூன்று பிடிகள். ஒரு பிடி வலித்தால் இன்னொன்றுக்கு மாறலாம். 1970-களின் கடைசியில் கலிபோர்னியாவில் பிறந்த மலை சைக்கிளின் நேரான பாரில் இந்த வசதி இல்லை. கரடுமுரடான பாதையில் வண்டி நன்றாகக் கட்டுப்படும், ஆனால் பிடி ஒன்றே ஒன்றுதான். ஆகவே முனைகளில் கொம்பு பொருத்தினார்கள். ஐரோப்பியர்கள் வண்ணத்துப்பூச்சி வடிவ பாருக்கு மாறினார்கள்.

1989 டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாள். முழங்கையை ஊன்றும் பாருடன் ஓட்டிய அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், வெறும் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். காற்றைக் கிழிக்க வந்த அந்த பாரை இன்று நெடும்பயணிகள் சிலர் உள்ளங்கைக்கு ஓய்வு தரப் பொருத்திக்கொள்கிறார்கள்.

டிரைஸின் மெத்தைப் பலகை 170 வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது!