எல்.ஐ.சி.யும் செவ்வானமும்

1959 வரை மெட்ராஸின் அந்தியைப் படமெடுக்கக் கோயில் கோபுரங்கள், சர்ச் கோபுரங்கள், 1894-இல் விளக்கேற்றிய ஹைகோர்ட் கலங்கரை விளக்கம் இவைதான். மவுண்ட் ரோட்டில் 177 அடிக்கு எல்.ஐ.சி. எழும்பியதும் எங்களைப் போன்ற ஸ்டூடியோக்காரர்களுக்கு அதுவே மெட்ராஸ் ஆனது. பின்னாளில் ஊட்டியில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமை மாட்டினால் செவ்வானம் வெறும் சாம்பல். அதனால் லென்ஸில் மஞ்சள் ஃபில்டர். நீலம் இருளும், சூரியனை ஒட்டிய மேகம் வெளுக்கும். கட்டடத்துக்கு வெளிச்சம் அளந்தால் வானம் காணாமல் போய்விடும். வானத்துக்கு அளந்தால் கட்டடம் கருநிழல்தான். நான் எப்போதும் வானத்துக்கே அளப்பேன். ஜன்னல் வரிசையை எண்ணவா படமெடுக்கிறோம்? 1975-இல் தீப்பிடித்தும் கட்டடம் நின்றது. எங்கள் சாம்பல் வானம்தான் கலர் ஃபிலிம் வந்ததும் விலைபோகவில்லை.