கைக்குள் பிறந்து காற்றோடு போன விளையாட்டுகள்

சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். மாதம் 300 யென் என்ற சிறு கட்டணத்தை நம்பி ஜப்பானில் ஒரு பெருந்தொழிலே எழுந்தது. அந்த வெள்ளம் வற்றியபோது எஞ்சியது என்ன என்பதும் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

1999 பிப்ரவரி 22ஆம் நாள் என்டிடி டொகோமோ நிறுவனம் ‘ஐ-மோட்’ என்னும் கைத்தொலைபேசி இணையச் சேவையைத் தொடங்கியது. 2001 ஜனவரியில் ‘ஐ-அப்ளி’ வந்தது. ஜாவா மொழியில் எழுதிய விளையாட்டுகளைக் கைத்தொலைபேசியிலேயே பதிவிறக்கம் செய்ய அது வழிவகுத்தது. ஒரு விளையாட்டின் அளவு 10 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. இன்று நாம் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரியது! அந்தச் சிறு இடத்துக்குள் படம், இசை, விதிமுறை எல்லாவற்றையும் அடக்கினார்கள் நிரலாளர்கள்.

வெற்றியின் இரகசியம் வசூலிப்பு முறையில் இருந்தது. கட்டணம் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்தே வந்தது. கடன் அட்டை தேவைப்படவில்லை. டொகோமோ 9 விழுக்காடு மட்டுமே எடுத்துக்கொண்டு மீதியை விளையாட்டைத் தந்தவரிடம் கொடுத்தது. பெரிய நிறுவனங்களோடு சிறியவர்களும் துணிந்து இறங்கினார்கள்.

2004 செப்டம்பரில் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் ‘பிஃபோர் கிரைசிஸ்’ விளையாட்டை வெளியிட்டது. புகழ்பெற்ற ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ கதைக்கு முந்தைய நிகழ்வுகளை அது சொன்னது. தொலைபேசியின் கேமராவில் எடுத்த படத்தின் நிறத்தைக் கொண்டே அதில் மாய சக்தியை உருவாக்கலாம். 2018இல் அதன் சேவை நின்றது, விளையாட்டும் நின்றது.

காரணம் என்ன? இவ்விளையாட்டுகள் கடையில் வாங்கும் வட்டுகள் அல்ல. பெரும்பாலானவை ஒரே கைத்தொலைபேசிக்குள் பூட்டப்பட்டவை; பல, சேவையகம் இன்றி இயங்காதவை. 2021 நவம்பரில் ஐ-மோட்டின் அதிகாரபூர்வ தளங்கள் மூடப்பட்டன. ஐ-மோட் சேவைக்கே டொகோமோ குறித்த இறுதி நாள் 2026 மார்ச் 31.

ஜி-மோட் நிறுவனம் 2020 முதல் பழைய விளையாட்டுகள் சிலவற்றை நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்குக் கொண்டு வந்தது. ஆர்வலர்களும் பழைய கருவிகளைத் தேடி, உள்ளிருப்பதை மீட்டு வருகின்றனர். ஆனால் மின்கலம் வீங்கிக் குப்பைக்குப் போன ஒவ்வொரு கருவியோடும் ஒரு படைப்பின் கடைசிப் பிரதி போயிருக்கக்கூடும்.

காசு கொடுத்து வாங்கியது நமக்கே சொந்தமா, சேவை இருக்கும்வரை கிடைத்த இரவலா? இன்று பாடலையும் நூலையும் பதிவிறக்கம் செய்யும் எல்லோருக்கும் உரிய கேள்வி இது.