எருவாட்டித் தணல்

வேலைக்குப் போகும் பெண்களைக் குறிவைத்து 1971-இல் அமெரிக்காவில் ‘கிராக்-பாட்’ என்ற மின்சாரப் பானை விற்பனைக்கு வந்தது. காலையில் வைத்தால் சாயங்காலம் வெந்திருக்கும். திருச்சுழிப் பக்கம் களையெடுக்கப் போனவர்களுக்கு அந்த வேலையைப் பார்த்தது எருவாட்டி. பருத்திமார் குப்புன்னு எரிஞ்சு அடங்கிரும். எருவாட்டி கனன்றுகொண்டே கிடக்கும். மேலே மண்சட்டியில் பால். திரும்பி வரும்போது ஏடு சிவந்து தடித்திருக்கும். ஆனால் சும்மா கிடைத்த சூடு இல்லை அது. அடுப்புக்குப் போன சாணம் மானாவாரிக் காட்டுக்கு உரமாகவில்லை.

சாணத்தைக் காட்டுக்கு மீட்டிருக்க வேண்டியது சீமைக்கருவேலம். 1877-இல் ஜமைக்காவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு விதையாக வந்த மரம். விறகு தாராளமானது, தரிசாய் விட்ட காட்டையெல்லாம் அதுவே பிடித்தும்கொண்டது. உழாத நிலத்துக்கு உரம் எதற்கு? இப்போது அந்த மரத்தை அடுக்கி, மண் பூசி, சுடர் எழாமல் நாட்கணக்கில் புகையவிடுகிறார்கள். கரிமூட்டம். கரி லாரியேறி வெளியூர் போகிறது. மூட்டம் போட்டவர் வீட்டில் குக்கர், மூணு விசில்.