ஊர்ப்பெயர் கொள்கைப்பெயரான வரலாறு: நக்சல்பாரி

வங்கமொழியில் 'பாரி' என்பது வீடு, குடியிருப்பு எனப் பொருள்படும். வடவங்கத்தில் இவ்வீறு பெற்ற ஊர்ப்பெயர்கள் பல. அவற்றுள் ஒன்றான நக்சல்பாரி 1967க்குப் பின் ஈற்றை இழந்து 'நக்சல்' எனக் குறுகியும், ஆங்கில விகுதி ஏற்று 'நக்சலைட்' என விரிந்தும் இந்திய மொழிகளிற் புகுந்தது. தமிழில் 'நக்சல்பாரிகள்' என ஊர்ப்பெயரே பன்மையேற்று ஆட்களைச் சுட்டும் வழக்கும் உண்டு. பெயர் பரவப் பரவ, அது பிறந்த நிலம் பொருளிலிருந்து நழுவிவிட்டது.

நக்சல்பாரி டார்ஜிலிங் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் மலையூர் அன்று, அடிவாரச் சமவெளி. மேற்கே மேச்சி ஆறும் நேபாளமும். தென்கிழக்கே அன்றைய கிழக்குப் பாகிஸ்தான். இடைப்பட்ட நிலம் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 20 கி.மீ. அகலமே உடையது. தேயிலைத் தோட்டங்களும் நெல்வயல்களும் அங்கு அடுத்தடுத்து அமைந்தவை. தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட சந்தால், ஒராவோன், முண்டா மக்களின் வழியினரும் ராஜ்வம்சி உழவர்களும் 'ஆதியார்' ஆக உழுதனர். இச்சொல்லின் இறுதியிலுள்ள 'ஆர்' தமிழ் உயர்வு விகுதி அன்று. பாதி எனப் பொருள்படும் அடியிலிருந்து பிறந்த சொல் இது. விளைச்சலிற் பாதி ஆதியாருக்கு, மறுபாதி ஜோத்தேதாருக்கு. 1967 மே 25இல் காவல்துறையினர் சுட்டதில் பெண்கள், குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்த பூசலின் வேர், உழும் நிலத்தின் உரிமையும் இப்பங்கீடுமே.

ஜோத்தேதாரைப் 'பண்ணையார்' என்றும் ஆதியாரைக் 'கூலி விவசாயி' என்றும் பெயர்த்தால், தமிழ் வாசகர் மனத்தில் எழுவது தஞ்சை வயல்வெளி. 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரிந்து மாண்ட கீழவெண்மணியில் வழக்கு கூலி பற்றியது. அங்கு உழைத்தோர் வாரக்குடிகள் அல்லர். இரண்டும் கொடியவையே. ஆயினும் ஒன்றன் சொற்களால் மற்றதைப் பெயர்க்கையில் நிலவுரிமைப் போராட்டம் கூலிப் போராட்டமாக மாறிவிடுகிறது. 'வாரக்குடி' என்னும் பழஞ்சொல் கைவசம் இருக்க, இப்பிழை தவிர்க்கக்கூடியதே.

நிலக்கூற்றை நுணுகி நோக்குவதால் விளையும் பயனுக்கு ஜெர்மனி நல்ல சான்று. ருடால்ப் ஹெபர்லே ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதியைக் கடலோரச் சதுப்புநிலம், மணற்பாங்கான நடுநிலம், கிழக்குக் குன்றுநிலம் எனப் பிரித்து ஆராய்ந்தார். 1932 ஜூலைத் தேர்தலில் அப்பகுதி முழுவதிலுமே நாஜிக் கட்சி பாதிக்கு மேல் வாக்குப் பெற்றது. எனினும் கால்நடை வளர்த்த சிறு, நடுத்தர உழவர் மிகுந்த நடுநிலத்திலேயே அதன் வலிமை உச்சம் எய்தியது. பெருநிலக்கிழார் மிகுந்த கிழக்கு அத்துணை சாயவில்லை. 'ஜெர்மானியர் வாக்களித்தனர்' என்னும் பொதுக்கூற்றில் இவ்வேறுபாடு புலப்படாது.

இந்திய உள்துறை அமைச்சகம் 2006இல் அமைத்த தனிப்பிரிவு பின்னாளில் 'இடதுசாரித் தீவிரவாதம்' என்ற பெயரை ஏற்றது. ஊர்ப்பெயர் ஆட்சிமொழியிலிருந்து அவ்வாறு விலகியபின்னும், அவ்வமைச்சகம் வெளியிட்ட பட்டியல்கள் மாவட்டப் பெயர்களாகவே இருந்தன.